கயிற்றில் தொங்கிய துண்டு

நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாமல் போனதால் மும்பை செம்பூரில் பிசியோதெரபிக்குப் போனேன். அங்கிருந்த பெண் முடிச்சுப் போட்ட நைலான் கயிற்றை நீட்டி, "புடிச்சு எந்திரிங்க அங்கிள்" என்றாள். முடிச்சு உள்ளங்கையில் பட்டதும் தாராவியில் நான் வளர்ந்த வீட்டின் இரும்பு ஏணி நினைவுக்கு வந்துவிட்டது.

நாங்கள் படுக்கும் மேல் அறைக்குப் போக, சுவரோடு செங்குத்தாக நிற்கும் ஏணி. பிடித்து ஏற, மேலிருந்து இதேபோல் ஒரு கயிறு தொங்கும். தோல் கிடங்கில் மூட்டை தூக்கிய தாத்தா வேலையை விட்டதும், அப்பா பாசமாக அவர் பாயைக் கீழே போட்டார். டீயும் சோறும் பாய்க்கே வந்தன. அந்த மழைக்காலம் முடிவதற்குள் தாத்தாவின் தொடைச் சதை கரைந்து, டவுசர் தொளதொளவென்று ஆடியது.

ஒருநாள் அப்பாவிடம், "பாய மேல போடுல" என்றார்.

"விழுந்துருவியப்பா."

"விழுந்தா நாந்தானல விழுதேன்!"

கயிற்றைப் பற்றி, கால் நடுங்க ஏறினார். தினமும் ஏறினார். தீபாவளிக்குப் பிறகு, குளித்த ஈரத் துண்டைக் கயிற்று முடிச்சில் மாட்டிவிட்டு, கயிற்றைத் தொடாமலே ஏறிப்போவார்.

வெளியே காத்திருந்த என் மகன், வாஷியில் லிஃப்ட் வைத்த வீடு பார்த்திருப்பதாகச் சொன்னான்.

"நம்ம ரெண்டாவது மாடியே இருக்கட்டும்டா. படியில ஒரு கயிறு கட்டு. கொஞ்ச நாள் போனா துண்டு காயப்போட்டுக்கலாம்."