குரங்குக்குப் பின்னால் நின்றவர்கள்

செங்கோட்டை மலையாளத்து ஆட்சியிலிருந்து நம்ம பக்கம் வந்து சேர்ந்ததே, அதற்கு அடுத்து வந்த ஆடி மாதம் அது. புதுக்காசு வந்த வருஷமும் அதுதான். வெற்றிலை பாக்குக் கடையில் நின்று பழைய காசுக்குப் புதுக்காசு எவ்வளவு என்று ஆளாளுக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். வருஷத்தை நம்பராகச் சொல்ல எனக்கு வராது. பள்ளிக்கூடத்துப் பக்கம் ரொம்பப் போனவன் இல்லை. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுப் பெண்தான் எழுதித் தருகிறது.

அப்போது தென்காசியில் தேர் ஓடுகிற வீதியில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தேன். கல்யாணப் படம்தான் எனக்குச் சோறு போட்டது. ஆடி பிறந்தால் கல்யாணம் கிடையாது. குற்றாலத்தில் அருவி விழும், சாரல் அடிக்கும், எங்கிருந்தெல்லாமோ சனம் வந்து இறங்கும். ஊருக்கெல்லாம் சீசன், எனக்கு மட்டும் சீசன் இல்லை. கடையைத் திறந்து வைத்தாலும் பிரயோஜனம் இருக்காது. சாரல் ஈரத்தில் படம் காயவே காயாது. குழந்தைக்குத் தலைமுடி காயவைக்கச் சாம்பிராணி போட்டுக் கூடை கவிழ்ப்பார்களே, அந்தக் கூடையைக் கரி அடுப்பு மேல் கவிழ்த்து, அதன் மேல்தான் படங்களைக் காயவைப்பேன். அந்த மாதம் என்னிடம் படம் எடுத்தவர்கள் வீட்டு ஆல்பத்தைத் திறந்தால் இன்றைக்கும் சாம்பிராணி வாசம் வரும்.

அதனால் ஆடி பிறந்ததும் கடையைப் பூட்டிவிட்டு எங்கேயாவது போய்த் தொழில் கற்றுக்கொண்டு வருவேன். ஒரு ஆடிக்கு மதுரை போய், படத்துக்குக் கையால் கலர் பூசப் பழகினேன். வந்து முதன்முதலில் நான் கலர் பூசிய மாப்பிள்ளைக்கு உதடு கொஞ்சம் கூடுதலாகச் சிவந்துவிட்டது. பெண் வீட்டார் கேட்டதற்கு, வெற்றிலை போட்டிருந்தார் என்று சொல்லிச் சமாளித்தேன். அது வேறே கதை.

நான் சொல்ல வந்தது அந்த வருஷம் வைகாசியில் எடுத்த ஒரு கல்யாணத்தைப் பற்றி. எங்கள் ஊரில் அரிசி மில் வைத்திருந்த அண்ணாச்சியின் ஒரே மகனுக்கு வடகரையில் பெண் எடுத்தார்கள். அந்தக் காலத்தில் படம் எடுப்பது என்றால் பெரிய கேமராவை முக்காலியில் ஏற்றி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, வெளியே வந்து, "ஆடப்பிடாது, அசையப்பிடாது, சிரிக்கப்பிடாது, மூச்சைப் புடிச்சிக்கிடுங்க" என்று ஒரு சத்தம் போடுவேன். அசைந்தால் படத்தில் மூஞ்சி கலங்கிவிடும். கல்யாணக் கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்து நிற்கும். அந்தப் பெண் நான் சொன்னதை அப்படியே கேட்டது. பல்லைப் பிடுங்க உட்கார்ந்தவள் மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டு எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி நின்றது. அண்ணாச்சிக்கு ரொம்பச் சந்தோஷம். "பொம்பளப்புள்ளைன்னா இப்படி அடக்கமா இருக்கணும்வே" என்றார்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இது உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். ஆடியில் சேர்ந்து இருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், ஆகாது என்பார்கள். மாதம் முடிகிறவரை மாப்பிள்ளை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. அண்ணாச்சி வீட்டில் இது ரொம்பக் கறார். சம்பந்தி வீட்டார் பெண்ணை அழைக்க வந்த அன்றைக்குச் சீர்த்தட்டில் ஏதோ ஒன்று குறைகிறது என்று வாசலிலேயே நிற்க வைத்த மனுஷர் அவர்.

நான் ரயிலேறிக் கொல்லம் போனேன். அங்கே என் வயதுக்காரர் ஒருவர் ஸ்டுடியோ வைத்திருந்தார். பென்சிலால் நெகட்டிவைத் திருத்துகிற வேலை எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவரிடம் மேலிருந்து குனிந்து பார்க்கிற இரட்டைக் கண் கேமரா இருந்தது, என்னிடம் இல்லை. அவருக்கு நானும் எனக்கு அவரும் வாத்தியார். ரெண்டு பேருமே சோம்பேறிகள், பாதி நேரம் பால் ஊற்றாத கட்டன்சாயா குடிப்பதிலேயே போனது.

அவர் சொன்னது ஒன்று மட்டும் மனசில் நின்றது. "ஆள் அறியாதே எடுக்கணும் அண்ணா. அறிஞ்சால் சிரி போகும்." எடுப்பது தெரிந்துவிட்டால் முகத்தில் சிரிப்பு போய்விடுமாம். அந்தக் கேமராவில் நாம் குனிந்து நம் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டு நிற்போம். எதிரே இருப்பவருக்குப் படம் எடுக்கிறோம் என்றே தெரியாது. ஆவணியில் திருப்பித் தருவதாகச் சொல்லி அதை இரவல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பழகிப் பார்க்கக் குற்றாலத்துக்குத்தான் போனேன். குளிக்கிற பக்கம் போகவில்லை, அது மரியாதை இல்லை. கடைத்தெருப் பக்கம் நின்று, கேமராவை வயிற்றில் வைத்துக் குனிந்துகொண்டிருந்தேன். அந்தக் கண்ணாடியில் எல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும். ஆள் இடது பக்கம் நடந்தால் நான் வலது பக்கம் திரும்புவேன். இப்படி நான் சுற்றிச் சுற்றி வருவதை ஒரு எண்ணெய் தேய்க்கிறவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"என்னவே தொலைச்சீரு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் தொலைக்கல."

"சும்மா சொல்லும். மோதிரமா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார். அவரைப் பார்த்து அவரிடம் எண்ணெய் தேய்க்க உட்கார்ந்திருந்த ஆளும், உடம்பெல்லாம் எண்ணெய் வழியத் தேடினார். கொஞ்ச நேரத்தில் ஒரு கூட்டமே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிடைத்தால் எனக்குத்தான் என்று ரெண்டு பேருக்குள் வாக்குவாதம்கூட வந்துவிட்டது. நான் மெதுவாக அந்த இடத்தை விட்டு நழுவினேன்.

நழுவிப் போன இடத்தில்தான் அந்தக் குரங்கு. ஒரு பெரியவர் கையில் வடைப் பொட்டலத்தோடு வந்தார். கூரையிலிருந்து ஒரு குரங்கு பாய்ந்தது. சாரலும் வெயிலும் சேர்ந்து அடித்த நேரம். பட்டென்று அமுக்கினேன்.

பிலிமைக் கழுவிப் பார்த்தால், குரங்கு அந்தரத்தில் நிற்கிறது. கை பொட்டலத்தில், வால் பெரியவர் தலைக்கு மேலே, அவர் வாய் பிளந்தபடி. என் தொழிலில் அசைகிற ஒன்றை நான் பிடித்தது அதுதான் முதல் தடவை. பெரிய அளவில் போட்டு, கூடை மேல் காயவைத்து, கடை வாசலில் இருந்த கண்ணாடிப் பெட்டியில் நடுநாயகமாக மாட்டினேன்.

போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து டீக்கடைக்காரர் கிளாஸைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தார். பார்த்தவர் சிரிக்கவில்லை.

"ஏம்வே, பின்னால குடை புடிச்சிட்டு நிக்கது மில்லுக்காரர் மவன்லா?"

பார்த்தேன். அவன்தான். குரங்குக்குப் பின்னால், கடை ஓரத்தில், குடையோடு நிற்கிறான். அதே குடைக்குள் ஒரு பெண், குரங்கைப் பார்த்து வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு, ஒரு கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். யாரோ ஒரு பெண் என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்குப் பதறிவிட்டது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது, அவன் பெண்டாட்டியேதான். பதற்றம் குறையவில்லை, கூடிப்போனது. மாதம் ஆடி அல்லவா.

கல்யாணத்தில் அத்தனை படம் எடுத்த எனக்கே அந்த முகம் அடையாளம் தெரியவில்லை பாருங்கள்.

"கழத்திரும்வே," என்றார் டீக்கடைக்காரர். "அந்த மனுசன் பாத்தாருன்னா அந்தப் புள்ள வடகரையிலேயே கெடக்க வேண்டியதான்."

அவர் சொன்னது பொய் இல்லை. சீர்த்தட்டுக்கே வாசலில் நிறுத்தியவர், இதற்குப் பெண்ணைத் திரும்ப வீட்டில் ஏற்றுவாரா? கண்ணாடிப் பெட்டியின் கதவை இழுத்தேன். வரவில்லை. சாரலுக்கு மரம் ஊதிப்போய்ச் சட்டத்தோடு இறுகிவிட்டது. டீக்கடைக்காரர் கரண்டியைக் கொடுத்து நெம்பினார், கரண்டிதான் வளைந்தது. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் வில்வண்டி வந்து நின்றது.

"என்னவே, கடையையே புடுங்கிட்டுப் போவப் போறீரா?"

மில்காரர். வண்டிக்குள் அவர் சம்சாரம். கோயிலுக்குப் போய்விட்டு வருகிறார்கள். டீக்கடைக்காரர் பால் பொங்குவதாகச் சொல்லிவிட்டு ஓடிப்போனார். அடுப்பில் பாலே இல்லை. நான் கண்ணாடியில் குடை இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அதில் சாய்ந்து நிற்பதுபோல நின்றேன்.

அவர் இறங்கி வந்து படத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"களவாணிப் பய, எப்படிப் பாயுதான் பாத்தீரா. ஏட்டி, இங்கன வந்து பாரு."

அந்த அம்மா இறங்கி வந்தார். நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். "கைய எடும் தம்பி, மறைக்குது" என்றார். எடுத்தேன். வேறு என்ன செய்ய? அவர் ரொம்ப நேரம் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கொரங்கு நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்.

மில்காரர் விடவில்லை. "இந்தப் படத்தை எனக்குத் தாரும்வே. மில்லு ஆபீஸ்ல மாட்டணும். நெல்லுல கை வைக்கிற பயலுவ தெனமும் பாக்கட்டும். நாளைக்கு ஆள் அனுப்புதேன்."

ஆபீஸில் மாட்டினால் தினமும் அவர்தானே அதன் எதிரே உட்காரப் போகிறார். இன்றைக்குக் குரங்கைப் பார்த்தார், நாளைக்கு வடையைப் பார்ப்பார், ஒரு வாரத்தில் கண் குடைக்குப் போகாதா? ராத்திரி உளி வைத்து நெம்பிப் படத்தை ஒருவழியாக வெளியே எடுத்து மேஜை மேல் வைத்தேன். படமும் நெகட்டிவும் கிழிந்துவிட்டன என்று சொல்லலாமா, கடையைப் பூட்டிவிட்டு மறுபடியும் கொல்லம் போய்விடலாமா என்றெல்லாம் யோசனை.

மறுநாள் காலையில் மதினி மட்டும் வந்தார். கையில் பூக்கூடை. நேரே உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அந்தப் படத்தை எனக்குத் தாரும் தம்பி."

ஊரைக் கூட்டி வைத்துக் காட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். "மதினி, சின்னஞ்சிறுசுக. தெரியாம வந்திருக்கும். வடகரைக்காரங்க குளிக்க வந்த எடத்துல வழியில பாத்திருப்பாங்க" என்று என்னென்னவோ உளறினேன்.

"வழியில பாத்தவனுக்கு எங்க வீட்டுக் குடை எப்படிவே கெடச்சுது? ஒரு வாரமா அதைத் தேடுதேன். வேலக்காரியை வேற ஏசிட்டேன்."

 மேஜை மேல் இருந்த படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்.

"அந்தப் புள்ளைக்குப் பல்லு வரிசை இவ்வளவு நல்லாருக்கும்னு எனக்கு நேத்துதான் தெரியும் தம்பி. கல்யாணமாகி வந்ததுல இருந்து தலைய நிமிந்து பாக்கல. கேட்டதுக்குப் பதில், அவ்வளவுதான். எங்களப் புடிக்கலியோ, என் மவனப் புடிக்கலியோன்னு நான் கும்புடாத சாமி இல்ல. ஆடிக்கு அனுப்பினமே, திரும்பி வருவாளோ மாட்டாளோன்னு நேத்து கோயில்லயும் அதத்தான் கேட்டேன். வெளிய வந்தா இங்கன நின்னு சிரிக்கா."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த நிமிஷமே மில்காரர் சம்சாரம் ஆகிவிட்டார்.

"ஒரு குடைக்குக் கீழ நின்னா ஒண்ணும் ஆயிராது. ஆனா அவுஹளுக்குத் தெரிய வேண்டாம். கொரங்கைத் தனியா வெட்டி அவுஹளுக்குக் குடும். இவுங்க ரெண்டு பேரையும் தனியா வெட்டி எனக்குத் தாரும். முடியுமா?"

ஒரே நெகட்டிவில் ரெண்டு படம் போட்டேன். குரங்கும் பெரியவரும் மில் ஆபீஸுக்குப் போனார்கள். குடையும் பிள்ளைகளும் மதினியின் பெட்டிக்குள் சேலை மடிப்பில் போய்ச் சேர்ந்தார்கள். மகனுக்கோ மருமகளுக்கோ அவர் கடைசிவரை இதைச் சொல்லவில்லை. ஆடி முடிந்த மறுநாளே வண்டி கட்டி, தானே வடகரைக்குப் போய் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாமியார் நேரில் வந்ததைப் பார்த்து அந்தப் பெண் பயந்துபோய்விட்டதாம். அதுவும் கொஞ்ச நாள்தான். பிற்பாடு நான் அந்த வீட்டுக்குக் காதுகுத்துப் படம் எடுக்கப் போனபோது, மாமியாரும் மருமகளும் அடுக்களையில் என்னத்தையோ பேசிச் சிரிக்கிற சத்தம் வாசல்வரை கேட்டது.

அந்த ஆடிக்குப் பிறகு நான் கல்யாண வீட்டில் யாரையும் மூச்சைப் பிடிக்கச் சொன்னது இல்லை. கடன் வாங்கியாவது அந்த மாதிரி கேமரா ஒன்று வாங்கிவிட்டேன். ஆனால் எனக்கு இன்றைக்கும் மனசில் நிற்பது தொழில் இல்லை. பேசாமல் தலையைக் குனிந்து நிற்கிற ஒருத்தியைப் பார்த்து, இவளுக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று ஒரு தாய் ரெண்டு மாதம் தனியாகக் கிடந்து மருகியிருக்கிறாள். அந்தப் பெண்ணும், இவர்களுக்கு நம்மைப் பிடிக்கவில்லையோ என்று இதே மாதிரி மருகியிருக்கும். இதைப் படிக்கிறவர்கள், தெரிந்தவர்கள் வீட்டுக்குப் புதிதாக மருமகள் வந்திருந்தால், அந்த மாமியாரிடம் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். மருமகளிடமும் ஒரு தடவை சொல்லுங்கள்.