அம்மா போட்ட கும்பிடு

கொழும்புக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தொண்ணூறுகளின் கடைசி அது. இலங்கையில் உயர் நீதிமன்றத்துக்கு மேலே போக இடமில்லை. அங்கே தோற்றால் அப்பாவுக்கு வேலையும் கிடையாது, வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸும் கிடையாது. அப்பா கணக்கப்பிள்ளை. அடைமழையில் கொழுந்து பறிக்க முடியாமல் மத்தியானமே திரும்பிய பெண்களுக்கு முழுநாள் சம்பளத்துக்குப் பேர் போட்டுவிட்டார். தோட்டத்தை நடத்தும் துரை அதைப் பொய்க்கணக்கு என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

மூன்று நீதிபதிகள் வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்தவரைக் கண்டதும் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"என்னங்க, நம்ம வூட்ல சாப்புட்ட ஐயாங்க!"

சட்டத்தரணியாக இருந்த காலத்தில் தோட்டத்து ஆட்களுக்காக வாதாட வந்தவர் அவர். நான் பிடித்து உட்கார வைப்பதற்குள் அம்மா எழுந்து நின்று பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டாள்.

அவர் அம்மாவைப் பார்த்தார். வழக்குக் கோப்பைப் புரட்டினார். இங்கிலீஷில் நாலு வார்த்தை சொன்னார். எங்கள் வழக்கை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைக் கூப்பிட்டார்கள்.

எங்கள் சட்டத்தரணி யாழ்ப்பாணத்துக்காரர். வெளியே வந்து விளக்கினார்: "அவர் முந்தி உங்கட தோட்டத்து ஆக்களுக்காக வாதாடினவர். அதால விலகிட்டார். இனி வேற நீதிபதிகளுக்கு முன்னாலதான் வழக்கு வரும்."

"நான் கும்புட்டதாலயாங்க?"

"இல்லையம்மா. தோட்டத்தின்ர பேரைப் பாத்தாலே அவருக்கு விளங்கியிருக்கும்."

அம்மா நம்பவில்லை. வழக்கு அடுத்த தவணைக்கு எடுக்கப்படும்வரை சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காருவாள், பிசைவாள், அப்படியே எழுந்துவிடுவாள். எனக்கோ ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. துரையோடு பழகிய ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால், எழுந்து போகச் சொல்லி நானே கத்தியிருப்பேன். அது நன்றாகத் தெரிந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. இத்தனை நேர்மையாக இருக்க அந்த மனிதருக்கு எங்கள் வழக்குத்தானா கிடைத்தது?

புதிதாக வந்த மூவரும் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அம்மா அன்று இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தாள். மனுவை எடுத்த எடுப்பிலேயே தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

படியிறங்கும்போது அம்மா சட்டத்தரணியை நிறுத்தினாள்.

"நம்மளத் தெரிஞ்சவரு தீர்ப்புச் சொல்லக்கூடாதுன்னு போயிட்டாரு. சரிங்க. இவங்களுக்கு நம்மளத் தெரியவே தெரியாதே, இவங்க மட்டும் எப்பிடிங்க சொன்னாங்க?"

அந்த மாதக் கடைசியில் அப்பா குவார்ட்டர்ஸ் சாவியைக் கொண்டுபோய்த் தோட்டத்து ஆபீஸில் கொடுத்தார்.