எலி புகாத வண்டி

உச்சி வெயிலில் கதவையும் ஜன்னல்களையும் இறுக அடைத்துவிட்டு, விளக்குப் போடாமல் ஒரு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. முதலில் ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழகியதும் கட்டிலுக்கு அடியில், கழிவறை மூலையில், கண்ணாடி மேசைக்குப் பின்னால் என்று பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரியத் தொடங்கும். “அதோ பாரு, வெளிச்சம் நுழையிற எடத்துல எலி நுழையும். வாயால சொல்லாத, வெரல வெச்சிக்க. கண்ண எடுத்தா மறந்துடும்” என்பார் அவர். நான் அந்தப் பொட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு குனிந்தபடி இருப்பேன். அவர் சாக்பீஸோடு தவழ்ந்து வந்து என் விரலைச் சுற்றி வட்டம் போடுவார். இருவருக்கும் வேர்வை ஊற்றும். வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் உள்ளே போவோம்.

ஊரில் அவரைக் கேரவன்காரம்மா என்றார்கள். நான் அக்கா என்று கூப்பிட்டேன். படப்பிடிப்பில் நடிகர்கள் உடை மாற்றவும் ஓய்வெடுக்கவும் கொண்டுவந்து நிறுத்துவார்களே, அந்தக் கேரவன்தான். கட்டில், சோபா, ஏசி, சின்னக் குளிர்பெட்டி, கழிவறை, சுற்றிலும் பல்பு வைத்த பெரிய கண்ணாடி எல்லாம் அதற்குள் இருந்தன. அக்கா சினிமாவில் நெடுங்காலம் முடி அலங்காரம் செய்தவர். “ஹீரோயினுக்குத் தலை வார உள்ள போவேன். வாரி முடிச்சதும் வெளிய வந்து வெயில்ல நிப்பேன். படியில ஒக்காந்தாக்கூட எழுந்திரும்மான்னுவாங்க” என்று ஒருமுறை சொன்னார். அதில் வருத்தமெல்லாம் இல்லை, எந்த ஊருக்கு எந்த பஸ் போகும் என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆனால் சேர்த்து வைத்ததையெல்லாம் போட்டு ஒரு பழைய வேனை வாங்கிக் கேரவனாகக் கட்டியவர் அவர் என்பதை நான் அதோடு சேர்த்துத்தான் நினைத்துப் பார்ப்பேன்.

கொரோனா காலத்தில் படப்பிடிப்புகள் நின்றன. சென்னையில் வண்டியை நிறுத்தியிருந்த இடம் கைமாறிவிட்டது. அவருடைய டிரைவர் எங்கள் பக்கத்துக் கிளியனூர்க்காரர், என் வீட்டுக்காரருக்குப் பழக்கம். உப்பு மூட்டை அடுக்கி வைக்கும் எங்கள் தகரக் கொட்டகையில் பாதி காலியாக இருப்பது அவருக்குத் தெரியும். அப்படித்தான் அந்த வெள்ளை வண்டி மரக்காணத்துக்கு, உப்பளத்தின் ஓரத்துக்கு வந்தது. கொட்டகையின் ஒரு பக்கம் எங்கள் லோடு வண்டி, மறுபக்கம் கேரவன். டிரைவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அக்கா வாரத்துக்கு ஒருமுறை சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போனார். பிறகு எங்கள் வீட்டின் பின்னறையிலேயே வந்து தங்கிவிட்டார்.

அவர் தங்க வந்ததற்குக் காரணமே எலிதான். ஒரு நாள் வந்து கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். சோபாவின் பஞ்சு தரையெல்லாம் கிடந்தது. கண்ணாடி பல்புகளுக்குப் போகும் ஒயர் துண்டு துண்டாகக் கிடந்தது. அழுவார் என்று நினைத்தேன். அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சோபாவை வெளியே இழுக்க ஆரம்பித்தார். “எலி மருந்து வெச்சா ரெண்டு நாள்ல சுத்தமாயிடும்மா” என்றார் என் வீட்டுக்காரர். அக்கா கூடாது என்றுவிட்டார். மருந்து தின்ற எலி எங்கே போய்ச் சாகும் என்று சொல்ல முடியாதாம். யாரோ ஒருவருடைய கேரவனில் சுவர்ப் பலகைக்குப் பின்னால் ஒரு எலி செத்துக் கிடந்து, பலகையைக் கழற்றி எடுத்த பிறகும் வாடை போகவில்லையாம். ‘அந்த வண்டியா, வேணாம்’ என்ற பேச்சு ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்குப் பரவி, கடைசியில் அந்த மனிதர் வண்டியையே விற்றுவிட்டாராம். “எலியக் கொல்றது நம்ம வேல இல்ல. உள்ள வராமப் பாத்துக்கிறதுதான் நம்ம வேல” என்றார்.

அதற்கப்புறம்தான் இந்த இருட்டில் உட்காரும் வேலை. சாக்பீஸ் வட்டம் போட்ட ஓட்டைகளிலெல்லாம் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திணித்து, மேலே பிசின் பூசினோம். எலி எதைக் கடித்தாலும் கம்பி நாரைக் கடிக்காது. கை கழுவும் தொட்டியின் ஓட்டை, கழிவறை ஓட்டை எல்லாவற்றுக்கும் மூடி போட்டோம், கரப்பான் அந்த வழியாகத்தான் ஏறி வரும். ஏசியின் வெளிவாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதைச் சுரண்டிவிட்டுக் கொசுவலைக் கம்பி அடித்தோம். புகைக்குழாய் வாயில் துணியை அடைத்து, வண்டியைக் கிளப்புமுன் எடுக்க மறந்துவிடக் கூடாது என்பதற்காக அதில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டித் தொங்கவிட்டார். மெத்தையைச் சுவரோடு நிமிர்த்தி வைத்தோம். குளிர்பெட்டியைத் துடைத்துத் திறந்தே போட்டோம். உள்ளே யாரும் ஒரு பிஸ்கட்கூடத் தின்னக் கூடாது. வாரம் ஒருமுறை பேட்டரியை இணைத்து இன்ஜினை ஓடவிட்டு, அவரே ஓட்டிக் கொட்டகை வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போவார். கார் ஓட்டப் படித்திருந்தாரே தவிர, அந்தப் பெரிய வண்டியை அவர் ரோட்டில் ஓட்டியதே இல்லை.

இதையெல்லாம் பார்த்து என் வீட்டுக்காரர் சிரிப்பார். “பொண்ணுக்கு நகை போடுற மாதிரி வண்டிக்குக் கம்பி நாரு போடுறாங்கப்பா” என்று உப்பளத்து ஆட்களிடம் சொல்வார். அந்தச் சிரிப்பு ஐப்பசி வரைக்கும்தான் ஓடியது. கேரவனில் இடம் கிடைக்காத எலிகள் எதிர்ப்பக்கம் நின்ற எங்கள் லோடு வண்டிக்குக் குடிபோய்விட்டன. ஒரு நாள் காலையில் சாவி போட்டால் சத்தமே இல்லை. ஒயரை மாற்றிக்கொண்டு வந்து இரண்டு வாரம் ஆவதற்குள் மறுபடியும் கடித்துவைத்தன.

“உங்க வண்டியிலேர்ந்து தொரத்தி எங்க வண்டிக்கு அனுப்பிட்டீங்க” என்று அவர் அக்காவிடம் நேரடியாகவே கேட்டார்.

“நெசந்தாங்க. வாங்க, உங்க வண்டியையும் இன்னைக்கே அடைச்சிடலாம்” என்றார் அக்கா.

“லோடு வண்டிக்கு இந்த அலங்காரமெல்லாம் எதுக்குங்க?” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அக்கா சொன்னதிலும் இருந்தது. நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கிற பிள்ளைகளை நான் தினமும் பார்ப்பவள். அங்கேயும் யாரைக் கோபிப்பது என்று எனக்குத் தெரிந்ததில்லை.

பிறகு அடைமழை பிடித்தது. கழுவெளி ஏரி நிரம்பி, உப்பளப் பாத்திகள் வரப்புத் தெரியாமல் மூழ்கின. வரப்பு வளைகளில் இருந்ததெல்லாம் மேட்டைத் தேடி வந்தன. எங்கள் கொட்டகைதான் அங்கே மேடு. உத்தரத்தில் எலிகள் வரிசையாக உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. அப்புறம் கொட்டகைக்குள்ளும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறியது. மூட்டைகளை மேலே ஏற்றிவைக்க என் வீட்டுக்காரர் நாள் முழுக்க அந்தத் தண்ணீரில் நின்றார். உப்பளத்தில் வேலை செய்கிறவர் காலில் வெடிப்புக்கும் வெட்டுக்கும் பஞ்சமில்லை. “எலி இருக்கிற தண்ணிங்க, பூட்ஸ் போட்டுக்கோங்க” என்று அக்கா தன் ரப்பர் பூட்ஸைக் கொண்டுவந்து நீட்டினார். அது என் வீட்டுக்காரர் காலுக்குப் பத்தவில்லை. வேறு வாங்கும் எண்ணமும் அவருக்கு இல்லை.

மழை விட்டு மறுபடி பிடித்த நேரத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. மாத்திரை போட்டால் குறையும், பிறகு ஏறும். கெண்டைக்காலைத் தொடவிடாமல் வலியில் கத்தினார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, கண் மஞ்சளானாலோ சிறுநீர் குறைந்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார். வீட்டில் என் மாமியார், “அந்த வண்டி வந்த நேரந்தான் என் புள்ள படுத்துட்டான். மொதல்ல அத வெளிய அனுப்பு” என்றார். பின்னறைக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னார். அக்கா வெளியே வரவில்லை. அன்று மத்தியானம் அவர் தன் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நான் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் விடிந்து பார்த்தால் என் வீட்டுக்காரர் கண் மஞ்சளாக இருந்தது. ராத்திரியிலிருந்து சிறுநீரே போகவில்லை என்றார். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். தண்ணீர் சூழ்ந்த ஊர்களுக்கு வண்டிகள் போயிருக்கின்றன, கொஞ்சம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். தெரிந்த பையனைக் கூப்பிட்டு எங்கள் லோடு வண்டியைக் கிளப்பச் சொன்னேன். சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் எலி கடித்திருக்கிறது என்று அவன் கையை விரித்தான். நான் கொட்டகை வாசலில் தண்ணீரில் நின்றபடி அந்த வண்டியைக் காலால் உதைத்தது ஞாபகம் இருக்கிறது.

அக்கா பூட்ஸைப் போட்டுக்கொண்டு கேரவனுக்குப் போனார். பேட்டரியை இணைத்தார். பின்னால் போய்ச் சிவப்பு ரிப்பனைப் பிடித்துத் துணியை உருவினார். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பியதும் ஒரே திருப்பில் வண்டி கிளம்பியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. மெத்தையைச் சாய்த்துப் போட்டு, அதன் மேல் அவரைப் படுக்கவைத்தோம். என் மாமியார் மழையில் நனைந்துகொண்டே வந்து மகனுக்கு ஒரு போர்வையைக் கொடுத்துவிட்டு, அக்காவின் பக்கம் பார்க்காமல், “பாத்து ஓட்டிட்டுப் போம்மா” என்றார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பல இடங்களில் தண்ணீர் ஓடியது. சின்ன வண்டிகள் ஓரமாக நின்றுவிட்டன. கேரவன் உயரமான வண்டி. அக்கா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மாட்டு வண்டி வேகத்தில், ஆனால் எங்கேயும் நிறுத்தாமல் ஓட்டினார். பின்னால் என் வீட்டுக்காரர் வாந்தி எடுத்தார். மெத்தையும் தரையும் நாசமாயின. “அக்கா, வண்டியெல்லாம்…” என்று இழுத்தேன். “அவரத் திருப்பிப் படுக்கவை, மூச்சு அடைக்கப்போவுது. வண்டியப் பத்தி எவ கேட்டா?” என்று முன்னாலிருந்து கத்தினார். அவர் என்னிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். புதுச்சேரியை நெருங்கி, பெரிய முதலியார்சாவடி தாண்டும்போது மழை விட்டது.

எலிக்காய்ச்சல் என்றார்கள். சிறுநீரகம் வேலை செய்யவில்லை, இன்னும் தாமதமாகியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். சில தடவை ரத்தத்தைச் சுத்திகரித்தார்கள். அவர் வார்டில் கிடந்த நாளெல்லாம் கேரவன் ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் நின்றது. நான் குளித்ததும் துணி மாற்றியதும் கொஞ்சம் தலை சாய்த்ததும் அதற்குள்தான். காவலுக்கு இருந்தவர் ஆர்வத்தோடு வந்து, “யாரும்மா அட்மிட் ஆயிருக்காங்க, எந்த நடிகரு?” என்று கேட்டார். “மரக்காணம் உப்பளத்து முதலாளி” என்றார் அக்கா. வார்டில் படுத்திருந்தவரிடம் அதைச் சொன்னபோது, காய்ச்சல் வந்ததிலிருந்து முதல்முறையாகச் சிரித்தார்.

அவர் பிழைத்து வந்தார். வீடு வந்து நடக்கத் தெம்பு வந்ததும் செய்த முதல் வேலை, கம்பி நார் வாங்கிவந்து லோடு வண்டியை அடைத்தது. அக்கா பக்கத்தில் நின்று ஓட்டைகளைக் காட்டினார். எங்கள் வண்டி ஓடியிருந்தால் இன்னும் சீக்கிரம் போயிருப்போம், அது ஓடாமல் போனதற்குக் கேரவனும் ஒரு காரணம், கேரவன் இல்லாவிட்டால் போயிருக்கவே முடியாது என்று நான் பல நாள் மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறேன். கணக்கு ஒருபோதும் நேரானதில்லை. இப்போது அதை விட்டுவிட்டேன். தை பிறந்து படப்பிடிப்பு தொடங்கியதும், புது மெத்தை போட்டுக்கொண்டு வண்டியோடு அக்கா சென்னைக்குப் போனார். என் மாமியார் ஒரு சாக்கு நிறையக் கல்லுப்பு ஏற்றிவிட்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் முதல் மழைக்கு அக்காவின் வீடியோ கால் வந்துவிடும். எடுத்ததும் நலம் விசாரிப்பதில்லை. “அவர் கால காட்டு” என்பார். என் வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு பாதமாகப் போனுக்கு முன்னால் தூக்கிக் காட்டுவார். வெட்டு ஏதாவது கண்ணில் பட்டால் மருந்து போடச் சொல்லி, பூட்ஸையும் கொண்டுவந்து காட்டச் சொல்லுவார். பெரிய பெரிய ஆட்களிடமெல்லாம் எதிர்த்துப் பேசுகிற மனிதர், இதற்கு மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார்.

இந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. விடியற்காலை தொடங்கி மத்தியானம் வரை கொட்டியும் போன் வரவில்லை. அவர் சாப்பிட்டுவிட்டு உப்பளத்துக்குக் கிளம்பாமல் உட்கார்ந்தே இருந்தார். போனை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார். பிறகு, “நீயே ஒரு போன் போட்டுப் பாரேன், ஒடம்புக்கு ஏதாவது இருக்கப்போவுது” என்றார். போட்டேன். அக்கா எங்கேயோ வெயிலில் நின்றிருந்தார், பின்னால் குடைகளும் ஆட்களும் தெரிந்தார்கள். “இங்க ஒரு பொட்டு மழை இல்லையேம்மா, அங்க பெய்யுதா?” என்று ஆச்சரியமாகக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் என் பக்கத்தில் ஒரு கால் மேலே வந்துவிட்டது. கழுவித் துடைத்து, வெடிப்புக்கெல்லாம் மருந்து போட்டுத் தயாராக வைத்திருந்திருக்கிறார்.