ஆயுத பூஜையில் நான் வைத்த பொட்டு

மாரியம்மனைக் கும்பிடுகிற எல்லோருக்கும் வணக்கம். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது, எழுதவும் பெரிதாகத் தெரியாது. ஆனாலும் அவள் எனக்குச் செய்ததை வெளியே சொல்லாமல் இருந்தால் சாப்பிடுகிற சோறு செரிக்காது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் செல்வி. கச்சிராயபாளையம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். சொந்தமாகக் கையளவு நிலம் கிடையாது. வருஷா வருஷம் நானும் வீட்டுக்காரரும், கூலிக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிற மேஸ்திரியோடு வெளிமாநிலத்துக்குக் கரும்பு வெட்டப் போவோம். வயல் ஓரத்திலேயே கொட்டாய் போட்டுத் தங்கி, வெட்டு முடிந்ததும் திரும்புவோம். அப்படிப் போன இடத்தில், ஒரு மாசி மாசத்தில், அவரைப் பாம்பு கடித்தது. கரும்பு ஏற்றுகிற டிராக்டரில் போட்டுக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. வழியிலேயே என் மடியில் அடங்கிவிட்டார்.

காரியத்தன்று பெண்கள் என்னை உட்கார வைத்து நெற்றிப் பொட்டை அழித்தார்கள். அழித்தது யார் கை என்று தெரியாது. அழுத்தித் தேய்த்தது மட்டும் இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த நல்ல காரியத்திலும் என்னை முன்னால் விட்டதில்லை. நடவு தொடங்குகிற அன்றைக்குக்கூட முதல் நாற்றை நான் தொடக்கூடாது. என் மாமியார் கெட்டவர் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வேதனையில் ஒருநாள், "ஒங்கை பட்டா எதுடி வெளங்கும்?" என்று கேட்டுவிட்டார். கேட்ட அவர் மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. நாளாக ஆக, அது உண்மைதான் என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

மேஸ்திரி மறுபடி வாசலில் வந்து நின்றார். எட்டாவது படிக்கிற என் மகள் காவியாவைப் பார்த்துவிட்டு, "ஒண்டியா எப்படி வெட்டுவ? பொண்ணையும் இட்டுக்கினு வா, கட்டு தூக்கட்டும்" என்றார். அவள் அப்பாவை விழுங்கிய கரும்புக்காட்டுக்குள் அவளையும் இறக்குவதா? அன்றைக்கு அழுத மாதிரி நான் அவர் செத்தபோதுகூட அழவில்லை.

அந்த நேரத்தில்தான் கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு மையத்தில் கூலி வேலை செய்கிறவர்களுக்கு மெக்கட்ரானிக்ஸ் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மிஷின், கரண்டு, கம்ப்யூட்டர் மூன்றும் கலந்த வேலை அது. பாடம் கேட்பது கம்மி, கையால் செய்து பழகுவதுதான் ஜாஸ்தி. கடைசியில் வைக்கிற செய்முறைத் தேர்வில் தேறினால் கம்பெனியில் வேலை. தேறாவிட்டால் தீபாவளி கழிந்ததும் நானும் காவியாவும் மேஸ்திரியின் லாரியில் ஏற வேண்டியதுதான். வேறு வழி இல்லை.

கத்தி பிடித்துக் காய்த்துப்போன விரல் என்னுடையது. மயிர் போல ஒயர், கடுகு போல ஸ்குரு. பிடித்தால் கையில் நிற்காது. கீழே விழுந்ததைத் தேடுவதே என் படிப்பாக இருந்தது. ஆறேழு தடவை பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மலைமேல் இருக்கிற கரியாலூரிலிருந்து வந்து கூடப் படித்த லட்சுமிதான் என்னைத் திரும்ப இழுத்து வருவாள். மெல்ல மெல்லக் கை பழகியது.

எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு மேஜை உண்டு. அதன்மேல் பெல்ட் ஓடும். பெல்ட்டில் சின்னப் பெட்டி வரும். அதை ஓரத்தில் இருக்கிற சென்சார் பார்த்துச் சொல்லும். உடனே காற்றில் இயங்குகிற ஒரு தண்டு நீண்டு பெட்டியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். இவ்வளவுதான். ஆனால் என் கையால் ஒயர் கட்டி, என் மேஜை முதன்முதலாகப் பெட்டியைத் தள்ளிய அன்றைக்குக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. எல்லோரும் அவரவர் மேஜையைக் கழுவித் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். நான் வாசலிலேயே நின்றேன். லட்சுமி வந்து சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். என்னால் முடியாது என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன்.

"எங்க மலையில தாலி போனவங்க மறுபடி கட்டிக்கினு வாழுவாங்கக்கா. இதெல்லாம் யாரும் பாக்க மாட்டோம். ஒழைச்சது நீ, நீதான் வெக்கணும்" என்றாள்.

கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். அத்தனை நாள் வைக்காத பொட்டை எல்லாம் சேர்த்து வைத்த மாதிரி வைத்தேன். தண்டுக்கு, மோட்டாருக்கு, சென்சாருக்கு, ஒவ்வொரு சுவிட்சுக்கும். லட்சுமி சிரித்தாள். "போதும்க்கா, மிஷினுக்குக் கல்யாணமா பண்ணப் போற?" என்று கிண்டல் செய்தாள்.

லீவு முடிந்து தேர்வு. வெளியூரிலிருந்து வந்த அதிகாரி ஒவ்வொரு மேஜையிலும் ஒரு கோளாறை ஒளித்து வைத்திருந்தார். அதைக் கண்டுபிடித்து மிஷினை ஓட்டிக் காட்ட வேண்டும். என் மேஜையில் ஒரு ஒயரைக் கழற்றி வைத்திருந்தார். போன கையோடு கண்டுபிடித்து மாட்டிவிட்டேன். பெல்ட் ஓடியது. பெட்டி வந்தது. தண்டு அசையவில்லை.

காற்று வருகிறதா என்று பார்த்தேன், வந்தது. ஒயர்களை ஒன்று ஒன்றாக இழுத்துப் பார்த்தேன். எல்லாம் கெட்டியாக இருந்தன. சென்சாரின் முதுகில் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதனால் அதுவும் சரி என்று நினைத்தேன். மறுபடி ஓட்டினேன். அசையவில்லை. பக்கத்து மேஜைகளில் எல்லாம் தண்டு டக், டக்கென்று தள்ளுகிற சத்தம். என்னுடையது மட்டும் பிணம் மாதிரி கிடந்தது.

"நேரம் ஆய்க்கினே இருக்குதும்மா" என்றார் எங்கள் பயிற்சியாளர். அதட்டவில்லை. பாவமாகத்தான் சொன்னார்.

அப்போது என் நெஞ்சில் ஓடியதை இப்போது எழுதவும் கை வரவில்லை. மாமியார் சொன்னது சரிதான். தாலி அறுத்தவள் பொட்டு வைத்தேன், மிஷின் செத்துவிட்டது. வீட்டுக்காரரைத் தின்றேன், இப்போது என் பிள்ளையின் படிப்பையும் தின்றுவிட்டேன். என் கையை வெட்டிப் போட்டால்கூடத் தகும். கரும்புக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு காவியா நடந்து போவது அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது.

மேஜையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். வேண்டுதல்கூட ஒழுங்காக வரவில்லை. தாயே, என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள், என் பொண்ணை அந்தக் காட்டுக்கு அனுப்பாதே. அதுதான் நான் சொன்னது.

மூடிய கண்ணுக்குள் எங்கள் ஊர் அம்மன் வந்தாள். ஆடி வெள்ளியில் சந்தனக்காப்பு போட்ட கோலத்தில் நின்றாள். பூசாரி முகம் முழுக்கச் சந்தனத்தை அப்பிவிட்டு, திரையை விலக்குமுன் ஒரு ஈரத்துணியால் அவள் இரண்டு கண்களையும் துடைத்துவிடுவார். அதை நான் சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர் துடைப்பதும், அவள் என்னைப் பார்ப்பதும் அவ்வளவு பக்கத்தில் தெரிந்தது.

கண்ணைத் திறந்தேன். என் எதிரே சென்சார் இருந்தது. நான் வைத்த சந்தனம் வழிந்து, அதன் கண்ணாடியை மூடிக் காய்ந்து போயிருந்தது. அப்போதுதான் உறைத்தது. அந்த விளக்கு பெட்டி வந்தால் மட்டும்தான் எரிய வேண்டும். பெட்டி இல்லாதபோதும் எரிந்துகொண்டிருக்கிறது. சந்தனத்தையே பெட்டி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அதனால் புதிதாகப் பெட்டி வந்ததை அது சொல்லவே இல்லை, தண்டும் அசையவில்லை.

துடைக்கக் கை போகவில்லை. பூஜையில் வைத்த பொட்டைத் துடைக்கக்கூடாது, தானாகத்தான் உதிர வேண்டும் என்பது எங்கள் பழக்கம். அதனால்தான் வேறு யாரும்கூட அதைத் தொடவில்லை. அதோடு, பொட்டை அழிப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் கண்ணைத் துடைத்தால்தானே அவள் என்னைப் பார்ப்பாள்? கண்ணீரைத் துடைத்த விரல் ஈரமாகவே இருந்தது. அந்த விரலாலேயே கண்ணாடியைத் துடைத்தேன்.

விளக்கு அணைந்தது. பெல்ட்டை ஓட்டினேன். பெட்டி வந்தது, விளக்கு எரிந்தது, தண்டு டக்கென்று தள்ளியது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தேறிவிட்டேன். மேஸ்திரியின் லாரி எங்கள் இருவரையும் விட்டுவிட்டுத்தான் போனது. இப்போது ஒரு கம்பெனியில் மிஷின் பராமரிக்கிறேன். காவியா ஒன்பதாவது படிக்கிறாள். மிஷின் நின்றது என் கை ராசியால் இல்லை, சந்தனத்தால். இது மற்றவர்களுக்குச் சின்ன விஷயமாக இருக்கலாம். எனக்கு அது போன உயிர் திரும்பி வந்த மாதிரி. என்னைப் போல, தன்னையே சபித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிற சகோதரிகளுக்குச் சொல்கிறேன். ஒழுங்காக வேண்டத் தெரியாவிட்டாலும் அவளைக் கூப்பிடுங்கள். அவள் நம்மை ஓரமாக நிற்கச் சொல்ல மாட்டாள்.

இந்த வருஷ ஆயுத பூஜையில் கம்பெனியில் என்னைத்தான் முதலில் வைக்கச் சொன்னார்கள். சென்சார் கண்ணாடிக்குக் கீழே, தள்ளி, பார்த்து வைத்தேன். மிச்சக் குங்குமத்தை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காவியா அதைப் பிரித்து, நான் தடுப்பதற்குள் என் நெற்றியில் வைத்துவிட்டாள். மாமியார் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "கோணலா வெச்சிட்டியே, நடுவுல வைடி" என்றார்.