மாமாவுக்கான ஜெபத்தை நிறுத்தியது

எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம் நடக்கும். கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையோரம் வீடு. அப்பாவுக்கு, எரிந்துபோன மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை. எவ்வளவு வேலை கிடந்தாலும் ஏழு மணிக்குள் கையிலிருக்கும் வார்னிஷை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டுப் பாயில் வந்து உட்கார்ந்துவிடுவார். அண்ணன் பாட்டை எடுத்துக் கொடுப்பான், அப்பா வேதத்தில் ஒரு அதிகாரம் வாசிப்பார், அம்மா ஜெபிப்பார். ஆமென் சொல்வது என் பங்கு. அம்மா ஆண்டவரிடம் பேச ஆரம்பித்தால் லேசில் முடிக்கமாட்டார் என்பதால், அந்தச் சின்ன வேலைக்குக்கூட நான் தூங்காமல் இருக்க வேண்டியிருந்தது. பல நாள் தவறவிட்டிருக்கிறேன்.

அம்மாவின் ஜெபத்தில் மழை வரும், பரீட்சை வரும், சபையில் காய்ச்சலாகக் கிடப்பவர்கள் வருவார்கள். எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். மாறாமல் வந்தது மாமாவின் பெயர் ஒன்றுதான். அம்மாவின் ஒரே தம்பி, கல்யாணம் ஆகாமல் எங்களோடு இருந்தார். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு போய் ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளில் இறக்கும் மினி லாரி ஓட்டினார். மலையில் ஓடையோரமாகச் சாராயம் காய்ச்சுகிற சிலர் அவருக்குக் கூட்டாளிகளாகியிருந்தார்கள். இறங்கி வரும்போது வண்டியில் கிழங்கு இருக்கும். அவர் வயிற்றில் சாராயம் இருக்கும்.

"ஆண்டவரே, என் தம்பியைக் குடியிலிருந்து விடுவியும்" என்று அம்மா அவர் பெயரைச் சொல்லிக் கேட்பார். நான் பிறந்ததிலிருந்து அதே வார்த்தைகள். ஆண்டவருக்கே இது மனப்பாடம் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். ஊரில் இருக்கும் நாட்களில் மாமா அந்த நேரத்துக்கு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு காலைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருப்பார். உள்ளே வரும்படி அப்பா கூப்பிட்டால், "நாத்தம் அடிக்கிறேன். நீங்க சொல்லுங்க, இங்கேர்ந்தே கேட்டுக்கினு இருக்கேன்" என்பார். ஆமென் சொன்ன பிறகுதான் சாப்பிட வருவார். அம்மா சோறு போடுவார்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, மழைக்காலத்தில் ஒரு நாள், மலை வளைவொன்றில் மாமாவின் வண்டி தடுப்புச் சுவரில் மோதிவிட்டது. அவருக்கு ஒரு கீறலும் இல்லை. கிழங்கு மொத்தமும் பள்ளத்தில் கொட்டிப்போனது. மறுநாள் சாயங்காலம் நாங்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது அவர் உள்ளே வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். தலைக்குக் குளித்திருந்தார். அம்மாவுக்கு அன்று ஜெபிக்க வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது. அப்பா சுருக்கமாக முடித்துவைத்தார்.

அதன்பிறகு மாமா குடிக்கவில்லை. எங்களுக்கு நம்பிக்கை வர வெகுநாள் ஆயிற்று. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் சாட்சி சொல்ல எழுந்து நின்றார். அம்மா எடுத்துக் கொடுத்த புதுச் சட்டையின் மடிப்பு கலையாமல் இருந்தது. "எங்கக்கா ஜெபம்தான். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். சபையே ஸ்தோத்திரம் சொன்னது. போதகர் எங்கள் வீட்டில் பிரியாணி சாப்பிட்டார்.

அம்மா அப்புறமும் விடவில்லை. விடுவித்ததற்கு நன்றி சொல்வார், கூடவே "கடைசிவரைக்கும் காத்துக்கொள்ளும்" என்பார். கொஞ்ச நாள் போனதும் ஒரு சாயங்காலம், மாமா லோடுக்குப் போயிருந்தபோது, அப்பா பேச்சை எடுத்தார்.

"கேட்டது கெடச்சிடுச்சி இல்ல? இன்னும் தெனமும் குடி குடின்னு அவன் பேர சொல்லிக்கினு இருந்தா இன்னா நெனைப்பான்? பொண்ணு பாக்கப்போற நேரத்துல பக்கத்து வூட்டுக்காரங்க காதுல வேற வுழுது."

அப்பா கடுமையான மனிதர் இல்லை. மச்சானின் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். அம்மா யோசித்துவிட்டுச் சரி என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது, ஜெபம் சற்று சுருங்கும் என்கிற சந்தோஷமும் இருந்தது. ஆனால் சுருங்கவில்லை. மாமாவின் இடத்தில் அண்ணனுக்கு இன்ஜினியரிங் சீட்டு வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தக் கோடை விடுமுறையில் மாமா என்னை வெள்ளிமலைக்கு வண்டியில் அழைத்துப் போனார். வழியில் கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தார். மலையேறும்போது ஒரு வளைவில் அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் கையைக் காட்டி நிறுத்தி, "இன்னாபா, இப்பல்லாம் ஓடப்பக்கம் எறங்கறதே இல்ல?" என்றார். மாமா சிரித்தபடி என்னைக் காட்டினார். அந்த ஆள் விலகிப் போன பிறகும் வண்டியை உடனே எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, இப்பல்லாம் ஜெபத்துல என் பேர சொல்றதில்ல போலக்குது?"

"ஒனக்குத்தான் நல்லாயிடுச்சே மாமா. இப்ப அண்ணன் சீட்டுக்கு ஜெபம் பண்றோம்."

"ஆமா ஆமா. அவனுக்குக் கெடைக்கணும்" என்று சொல்லி வண்டியை எடுத்தார்.

அண்ணனுக்குச் சீட்டுக் கிடைத்தது. நாங்கள் அதற்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்த நாட்களில்தான் மாமா மறுபடி பாயிலிருந்து விலகினார். லோடு அதிகம், அலுப்பு என்றார். ஒரு நாள் வாடை வந்தது. அம்மா அன்றைக்கே அவர் பெயரைத் திரும்ப எடுத்தார். முன்பைவிடச் சத்தமாக, உபவாசமிருந்து, முழங்காலில் நின்று. ஆனால் வாசலில் இப்போது வண்டி நிற்பதில்லை. கொஞ்ச நாளில் மாமா ஆத்தூரிலேயே ஓர் ஆலையில் தங்கிவிட்டார். பெண் பார்க்கும் பேச்சு நின்றுபோனது. அப்பா இரண்டு முறை போய்க் கூப்பிட்டார். வரவில்லை.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் மாமா செத்துப்போனார். கடைசி வாரம் முழுக்க அம்மா அவர் பக்கத்தில் இருந்தார். அடக்கம் முடிந்து வந்தவர்களெல்லாம் கிளம்பிப் போன பிறகு, சமையலறையில் பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டே அம்மா என்னிடம் சொன்னார்.

"குடிய வுட்டிருந்தப்ப, எறக்கிட்டுத் திரும்பற நேரம் அவனுக்குக் கையெல்லாம் நடுங்குமாம். அப்ப மணி ஏழு ஆயிருக்கும். இந்நேரம் அக்கா என் பேர சொல்லிக்கினு இருக்கும்னு நெனச்சிக்கினே பிராந்திக் கடைய தாண்டி வந்துடுவேன்க்கான்னான். அந்த ஒரு மணி நேரந்தான் கண்டமாம். தாண்டிட்டா தூக்கம் வந்துடுமாம்."

கடைசிப் பாத்திரத்தையும் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். பேரை ஏன் நிறுத்தினீர்கள் என்று மாமா அவரைக் கேட்டாரா என்று நான் கேட்கவில்லை. கூடத்தில் அப்பா விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அவர் காதிலும் விழுந்திருக்கும்.

எனக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். ராத்திரி ஜெபத்தில் கேட்டது கிடைத்துவிட்டால் அந்தப் பேச்சை விட்டுவிடலாமே என்று பெரியவள் கேட்கிறாள். நான் விடுவதில்லை. ஏன் என்று அவளுக்கு விளங்கச் சொல்லவும் எனக்குத் தெரியவில்லை.

அன்று மலை வளைவில் மாமா ஏதோ பேச்சுக்குக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். பாடம் தேறிய பிள்ளையை வாத்தியார் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டியதில்லை அல்லவா, அதுபோல ஜெபத்திலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டது அவருக்கு நாங்கள் செய்த மரியாதை என்று நம்பினேன். அவர் சந்தோஷப்படுவார் என்றே அப்படிச் சொன்னேன். என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுக் கிழங்கோடு ஆத்தூருக்குப் போய், அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் மறுபடி சாலையில் தனியாக வந்துகொண்டிருக்கப்போகிறார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.