கரும்புக் கொல்லையிலிருந்து ஒரு குரல்

திருபுவனைப் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் போனில் விளையாடிக்கொண்டே, "டேய், இருக்கியா? பேசுடா!" என்று ஹெட்செட்டில் கத்தினாள். நான் அவள் திரையை எட்டிப் பார்த்தேன்.

பாகூரில் நான் எட்டாவது படித்தபோது நாங்கள் மூன்று பேர் ஓர் அணியாக இதே விளையாட்டை ஆடினோம். என் அக்கா ஸ்டெல்லாதான் தலைவி. யாரும் தனியாகப் போகக்கூடாது என்பது அவள் சட்டம். நாங்கள் இருவரும் வீட்டிலிருந்து ஆடுவோம். பக்கத்து வீட்டு சேகருக்கு அவர்கள் கரும்புக் கொல்லை மோட்டார் கொட்டகையில்தான் சிக்னல் கிடைக்கும்.

ஒரு மத்தியானம், எதிரணி எங்களைச் சூழ்ந்திருந்த நேரத்தில் ஹெட்செட்டில் சேகர் சொன்னான்: "அக்கா, கால்ல கடிச்சிடுச்சி. பாம்புக்கா."

"அசையாத. அங்கியே குந்து," என்ற அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ லைன வுடாத, பேசிகினே இரு. நான் அவுங்கப்பாவ இட்டுகினு போறேன்."

வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அவனுக்கு நாக்கு குழறத் தொடங்கியது. பிறகு பதிலே இல்லை. கரும்புத் தோகை உரசும் சத்தம் மட்டும் வந்தது. "சேகர், சேகர்" என்று அந்தச் சத்தத்திடமே பேசிக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்தப் பக்கம் ஒரு பைக் வந்து நிற்பது கேட்டது. "மூச்சு இருக்குடி!" என்று அக்கா அலறினாள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் சேகர் என்னைத் தேடி வந்தான்.

"கண்ணத் தொறக்க முடியல, வாயும் வரல. ஆனா நீ கூப்ட்டதெல்லாம் கேட்டுச்சி," என்றான்.

என் நிறுத்தம் வந்தது. அந்தப் பெண்ணுக்கு இன்னும் பதில் வரவில்லை. நான் இறங்கவில்லை.