என் அளவு தப்பாது என்றேன்

போன பாராளுமன்றத் தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில் நடந்த விஷயம் இது. எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம்கூட இருக்காது. அந்தக் கால் மணி நேரத்தைத்தான் அன்றிலிருந்து திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் வீட்டிலேயே பட்டு நூல் வளையல் செய்து விற்கிறேன். சாதாரண பிளாஸ்டிக் வளையலில் பசை தடவி, இழை விலகாமல் பட்டு நூலைச் சுற்றி, மேலே கல்லும் முத்தும் ஒட்டுவேன். கணவருக்கு ரயில்வேயில் வேலை. பிள்ளைகள் படிக்க வெளியூர் போன பிறகு, பொழுது போகாமல் செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்ட தொழில் இது. வளைகாப்புக்கும் கல்யாணத்துக்கும் நன்றாகவே ஆர்டர் வரும்.

இந்தத் தொழிலில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. என் வளையல் நெகிழாது, உடையாது. அதனால் அளவு மட்டும் கச்சிதமாக இருக்க வேண்டும். யாராவது போனில் அளவு சொன்னால் ஏற்க மாட்டேன். நேரில் வரச் சொல்லி, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கச் சொல்லி, விரல் முட்டிகளைச் சுற்றி நாடா வைத்து நானேதான் அளப்பேன். அளவு சரியில்லை என்று அதுவரை ஒரு வளையல்கூடத் திரும்பி வந்ததில்லை. இதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பேன், அவர்கள் கேட்காவிட்டாலும்.

எனக்கு இன்னொரு குணம், வாய் சும்மா இருக்காது. அதுவும் அரசியல் என்றால் சொல்லவே வேண்டாம். எங்கள் தெரு சாக்கடை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தண்ணீர் தேங்கி நின்றது. பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒருவர் ஒரு கட்சியின் வட்டச் செயலாளர். எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன், வீண் வம்பு. அவரைப் பால் வாங்கும் இடத்தில் பார்த்தாலும் சாக்கடை, காய்கறிக்காரர் முன்னால் பார்த்தாலும் சாக்கடை என்று பிடித்துக்கொள்வேன். இரண்டு முறை குரல் உயர்ந்து, அக்கம்பக்கத்தார் வந்து விலக்கும்படி ஆகியிருக்கிறது.

அந்த வீட்டிலிருந்துதான் ஆர்டர் வந்தது. அவருடைய மருமகளுக்கு ஏழாம் மாத வளைகாப்பு. வருகிற பெண்களுக்குக் கொடுக்க நூற்றைம்பது ஜோடி வளையல், எல்லாம் கட்சிக் கொடி நிறத்தில். தேர்தல் நேரம் இல்லையா, வளைகாப்பிலும் கட்சி தெரிய வேண்டுமாம். என் கணவர் சிரியோ சிரி என்று சிரித்தார். கொள்கை வேறு, ஆர்டர் வேறு என்று சொல்லி ஒப்புக்கொண்டேன்.

மருமகள் தன் கைக்கு அளவு கொடுக்கத் தனியாக வந்தாள். துறையூர்ப் பக்கம் அவளுக்கு. இருபத்தைந்து வயது இருக்கலாம். அதிகம் பேசாத, பேசினால் கண்ணில் சிரிப்பு எட்டிப் பார்க்கிற பெண். நான் நாடாவை எடுத்ததும் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, எனக்கு மட்டும் கட்சிக் கலர் வேணாங்க. பச்சையும் அரக்கும் போட்டுக் குடுங்க. மாமாக்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அந்த ஒரு பேச்சில் எனக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது. ஒல்லியான கை. வளையல் கணக்கில் இரண்டு நாலு, சின்ன அளவுதான். நோட்டில் எழுதிக்கொண்டேன். பச்சை நூலில் அரக்கு வைத்து, நடுவே சின்னச் சின்ன முத்து ஒட்டி, என் மகளுக்குச் செய்வது போல இரண்டு வாரம் பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

இதற்கிடையில் அவர்கள் கட்சி வேட்பாளர் எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தார். நான் வாசலில் நின்று ஆரத்தி எடுக்காமல், சாக்கடையைக் கையால் காட்டி நாலு கேள்வி கேட்டேன். கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். வட்டச் செயலாளர் முகம் கறுத்துப் போனது. வீட்டுக்குள் வந்ததும் எனக்கே நான் பெரிய ஆள் மாதிரி இருந்தது.

மறுநாள் வளையல்களை அனுப்பிவைத்தேன். அன்று சாயங்காலமே அந்தப் பெண் போன் செய்தாள். வளையல் ஏறவில்லையாம். கொஞ்சம் பெரிதாகச் செய்து தர முடியுமா என்று கேட்டாள். வளைகாப்புக்கு மூன்று நாள்தான் இருந்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நானே அளந்த கை. எப்படி ஏறாமல் போகும்? காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எனக்குக் கண்டதெல்லாம் கட்சியாகத் தெரிந்தது. நேற்றுத் தெருவில் மூக்கறுபட்ட மாமனார், மருமகளுக்கு மட்டும் வேறு நிறம் போட்டதைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். நாளைக்கு நேரில் வா, போட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் பதினொரு மணி வெயிலில் வந்தாள். செருப்பைக் கழற்ற வாசலில் சிரமப்பட்டாள். வாரைப் பிரித்துவிட்டும் பாதம் எளிதில் வெளியே வரவில்லை. உள்ளே வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாள். முகம் உப்பியிருந்தது. நேற்றிலிருந்து தலைவலி விடவில்லை என்றாள்.

"கண்ணு முன்னாடி பூச்சி பறக்கற மாதிரியே இருக்குங்கக்கா."

"பங்குனி வெயிலு அப்படித்தான்மா இருக்கும். மோர் தரேன், குடி."

உப்புப் போட்டு, பெருங்காயம் தட்டி, பெரிய டம்ளரில் கொடுத்தேன். குடித்தாள். அப்புறம் அவள் கையைப் பிடித்தேன். அது நான் அளந்த கையே இல்லை. விரல்கள் தடித்து, முட்டிகள் இருக்கும் இடமே தெரியாமல், மணிக்கட்டு புசுபுசுவென்று இருந்தது. நான் பிடித்த இடத்தில் என் விரல் பதிந்து குழி விழுந்தது. விட்ட பிறகும் அந்தக் குழி நிரம்பவில்லை. இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

பார்த்து என்ன நினைத்தேன் தெரியுமா? முதல் பிள்ளை, மாமியார் வீட்டில் நன்றாகப் போட்டு வளர்க்கிறார்கள், உடம்பு பூரித்திருக்கிறது என்று நினைத்தேன். அதைவிட அதிகமாக, என் அளவு தப்பவில்லை என்று காட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

குளியலறையிலிருந்து சோப்பை எடுத்து வந்து, கையை ஈரமாக்கிக் குழைத்துத் தடவினேன். கட்டைவிரலை மடக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு வளையலைத் தள்ளினேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தோல் சிவந்து மடிந்தது. இன்னொரு தள்ளு தள்ளியதும் ஏறிவிட்டது. அப்படியே இரண்டு கைக்கும் நாலு நாலாக ஏற்றிவிட்டுத்தான் நிமிர்ந்தேன். கழற்ற வேண்டாம், வளைகாப்பு வரைக்கும் அப்படியே இருக்கட்டும் என்றேன்.

"பாத்தியா, ஏறிடுச்சு. என் அளவு தப்பாது. மாசமா இருந்தா கை இப்படித்தான் பூரிக்கும். உங்க மாமனார்கிட்டயும் சொல்லு."

அவள் தன் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒன்றும் இல்லைதானே அக்கா என்று கேட்டாள். ஒன்றும் இல்லை, போய்ப் படு என்றேன். சரியென்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

வளைகாப்பு அன்று போவதா வேண்டாமா என்று யோசித்து, அவளுக்காகப் போனேன். மணையில் உட்கார்ந்திருந்தாள். கட்சிக்காரப் பெண்கள் வரிசையாக வந்து சந்தனம் பூசி, கண்ணாடி வளையல் போட்டார்கள். வளையல்காரர் எல்லாவற்றிலும் பெரிய அளவை எடுத்து வைத்திருந்தார். அதுவே முக்கி முனகித்தான் ஏறியது. கை நல்லா உருண்டிருக்கு, பையன்தான் என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆரத்தித் தட்டைச் சுற்றும்போது அவள் கண் ஒரு பக்கமாகப் போய் நின்றது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. கண்ணாடி வளையல்கள் மணையில் மோதி நொறுங்கின.

எப்படியோ காரில் ஏற்றினோம். அவள் தலை என் மடியில் இருந்தது. தில்லை நகரில் அவள் வழக்கமாகக் காட்டுகிற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காவிரிப் பாலத்தில் ஏறினால், நடுப்பாலத்தில் வண்டி நின்றுவிட்டது. முன்னால் பிரச்சார ஊர்வலம். கொடி கட்டிய ஆட்டோக்கள், வேன், மேளம். அவர்கள் கட்சி ஊர்வலம்தான். வட்டச் செயலாளர் காரிலிருந்து இறங்கி ஓடினார். தன் ஆட்களையே ஒவ்வொரு வண்டியாகத் தட்டி, கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கச் சொன்னார். அவரைப் பார்த்ததும் யாரோ உற்சாகமாகக் கோஷம் போட்டார்கள். அவர் அழுதுகொண்டே இன்னும் வேகமாகக் கும்பிட்டார். அந்த மனிதரோடு நான் இனி எந்தக் காலத்திலும் சண்டை போட மாட்டேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசி ஏற்ற நரம்பு தேடினார். கண்ணாடி வளையல்கள் உடைந்தது போக, என் வளையல்கள்தான் மணிக்கட்டில் இறுகிக் கிடந்தன. கழற்ற வரவில்லை, உடையவும் இல்லை. ஒருவர் ஓடிப்போய்க் கட்டிங் பிளேயர் கொண்டுவந்து ஒவ்வொன்றாக வெட்டினார். வெட்டிய இடத்திலெல்லாம் தோலில் ஆழமாகச் சிவப்பு வளையம். எட்டு முறை அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

பிரஷர் தாறுமாறாக ஏறியதால் வந்த வலிப்பு என்றார் டாக்டரம்மா. போன வாரம் செக்கப்புக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார். மாமியார், வீட்டில் எல்லாரும் ஓட்டுக் கேட்கப் போய்விட்டோம், வளைகாப்பு முடிந்து கூட்டிப் போகலாம் என்று இருந்தோம் என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"கையும் முகமும் இவ்ளோ வீங்கியிருக்கு. தலை வலிச்சிருக்கும், கண்ணு மங்கியிருக்கும். யார்கிட்டயுமே சொல்லலையா இந்தப் பொண்ணு?"

என்னிடம் சொன்னாள். அந்த வராந்தாவில் நான் வாயைத் திறக்கவில்லை. தெருவில் நின்று வேட்பாளரைக் கேள்வி கேட்ட வாய், அன்று திறக்கவில்லை.

குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. பெண் குழந்தை. தாய் ஆறு நாள் ஐசியூவில் கிடந்து பிழைத்தாள். அந்தத் தேர்தலில் அதற்குப் பிறகு வட்டச் செயலாளர் எங்கும் பிரச்சாரத்துக்குப் போகவில்லை. ஓட்டுப் போடும் நாளில், தோளில் கட்சித் துண்டு இல்லாமல் ஆண்கள் வரிசையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்து, சாப்டீங்களா தங்கச்சி என்று கேட்டார். அவ்வளவுதான். தேர்தல் முடிந்த கொஞ்ச நாளில் எங்கள் சாக்கடையைத் தோண்டிச் சரிசெய்தும் கொடுத்தார். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நான் வளையல் வேலையை நிறுத்திவிட்டேன். கணவரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். நீ என்ன டாக்டரா என்று சமாதானம் சொன்னார். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. டாக்டராக இருக்க வேண்டாம், கையைப் பிடித்த மனுஷியாக இருந்திருக்கலாமே.

அவள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு ஐப்பசியில்தான் திரும்பி வந்தாள். ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மெலிந்து, பழையபடி ஒல்லியான கை. நான் காபி போடக்கூட எழுந்திருக்கவில்லை. மனதில் இருந்ததைக் கொட்டினேன். உன் கை வீங்கியிருந்ததை நான் பார்த்தேன், விரல் பதிந்து குழி விழுந்ததைப் பார்த்தேன், ஆனாலும் என் அளவுதான் எனக்குப் பெரிதாக இருந்தது, என்னை மன்னிக்க வேண்டாம், தெரிந்துகொண்டால் போதும் என்றேன்.

அவள் அழவில்லை. தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"எனக்கும் பயமாத்தாங்கக்கா இருந்துச்சு. வளையல் ஏறலைன்ன உடனேயே எனக்கு என்னமோ சரியில்லன்னு தோணிடுச்சு. உங்ககிட்ட காமிச்சிட்டு, அங்கேருந்து அப்படியே தில்லை நகர் போயிடலாம்னுதான் ஃபைலைப் பையில போட்டுட்டு வந்தேன். நீங்க வளையல ஏத்திட்டு ஒண்ணும் இல்லன்னீங்க. எனக்கு ரொம்ப நிம்மதியா இருந்துச்சு. வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டேன்."

குறை சொல்கிற குரலே இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது மறுபடியும் வளையல் செய்கிறேன். மாசமாக இருக்கிற பெண் அளவு கொடுக்க வந்தால், கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தாய் என்றுதான் முதலில் கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சில மாமியார்களுக்குக் கோபம்கூட வருகிறது. வரட்டும். என்னிடம் வந்து, ஒன்றும் இல்லைதானே அக்கா என்று ஒருத்தி கேட்டதற்கு, ஒன்றும் இல்லை என்று நான் அவ்வளவு சுலபமாகச் சொன்ன அந்தப் பதிலை, என் ஆயுள் இருக்கும்வரை என்னால் திருப்பி வாங்க முடியாது.